தும்பைச் சாறும் 20 நிமிடமும்

ஐப்பசியில் மழை இரண்டு பாட்டம் பெய்தால் போதும், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்துவிடும். பூத்து நிற்கும் தும்பைச் செடியின் படம், அதற்குக் கீழே அது தீர்க்கும் நோய்களின் பட்டியல். சளி, இருமல், தலைபாரம், சொறி, சிரங்கு என்று போகும்வரை எனக்கு ஒரு மறுப்பும் கிடையாது. கடைசி வரிதான் வருஷா வருஷம் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. பாம்பு கடித்தவருக்குத் தும்பை இலைச் சாறு குடிக்கக் கொடுத்தால் விஷம் இறங்கிவிடும், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை என்கிறது அந்த வரி. அனுப்புகிறவர் என் மாமா. ஊரில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்கிறவர். அவர் பொய் சொல்லவில்லை, நம்புவதைச் சொல்கிறார். அதனாலேயே அந்த வரியைத் தள்ளிவிட்டுப் போக முடியவில்லை.

போன மழைக்காலத்தில் குழுவிலேயே மறுத்து எழுதினேன். இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் சித்தி மகன், "இந்தக் களைச்செடியை வச்சுக்கிட்டு இன்னும் எத்தனை காலத்துக்கு?" என்று மொத்தத் தும்பையையும் வேரோடு பிடுங்கி எறிந்தான். மாமா, "அப்ப அப்பத்தா நமக்கெல்லாம் குடுத்தது பூராவும் பொய்யா மாப்ள?" என்று கேட்டார். இரண்டு பேரோடும் என்னால் சேர முடியவில்லை. தும்பை எனக்கு மிகவும் பிடித்த செடி. அதன் பெயரைச் சொல்லி ஒரு உயிர் போகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தும்பை சம்பாதித்த நம்பிக்கை

எங்கள் புதுக்கோட்டைச் சீமையில் தும்பையை யாரும் விதைப்பதில்லை. கடலை பிடுங்கிய கொல்லை, வரப்பு, கண்மாய்க்கரை, பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் ஓரம் என்று மழைத்தண்ணீர் பட்ட இடத்தில் முளைத்து, முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிடும். தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினால் உருளாது, நாலு பட்டையாக இருக்கும். எதிரெதிராக ஒல்லியான இலைகள். ஒவ்வொரு கணுவிலும் தண்டைச் சுற்றிப் பச்சைக் குப்பிகள் உருண்டையாக நெருங்கியிருக்கும். அவற்றுக்குள்ளிருந்துதான் வெள்ளைப் பூ வெளியே வரும். ஒரு பூவை உருவிப் பார்த்தால் இரண்டு உதடு தெரியும். மேலுதடு குட்டை, அதன் முதுகில் வெள்ளை மயிர் அடர்ந்து, உள்ளே இருக்கும் மகரந்தத்தை மூடிக் கவிந்திருக்கும். கீழுதடு அகலமாக முன்னால் நீண்டு, தேனீ வந்து உட்காருவதற்குத் திண்ணை கட்டிவிட்டது போல் இருக்கும். பூவின் அடியை உறிஞ்சினால் துளி இனிப்பு. எறும்பைத் தட்டிவிட்டு உறிஞ்சாமல் வளர்ந்த பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது.

நாலு பட்டைத் தண்டு, எதிரெதிர் இலை, உதட்டுப் பூ மூன்றும் துளசிக்கும் உண்டு. தாவரவியலார் இரண்டையும் ஒரே குடும்பத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள். குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை அடுக்கிச் சொல்லும்போது தும்பையையும், துழாய் என்ற பெயரில் துளசியையும் அடுத்தடுத்து வைக்கிறது. மோனைக்காக வைத்ததாகவே இருக்கட்டும், படிக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. எதிரெதிர் நின்று பொருத இரண்டு வேந்தர் படைகளும் சூடியது இந்தப் பூவைத்தான், அந்தப் போருக்கே தும்பைத் திணை என்று பெயர் வைத்தார்கள். சிவனுக்கும் இது உகந்த பூ. காலில் மிதிபடும் ஒரு செடிக்கு இவ்வளவு மரியாதை வேறு எந்த நிலத்தில் கிடைத்திருக்கும் என்று தெரியவில்லை.

தும்பை என்று பெயர் வைத்ததெல்லாம் தும்பை இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூவைத் தலைகீழாகத் தொங்கவிடும் கவிழ்தும்பை வேறு குடும்பத்துச் செடி. வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களில் சிலவற்றில் இருப்பது தும்பையே அல்ல, அதன் பெயர் மட்டும்தான் கீழே இருக்கிறது. பச்சிலை மருத்துவத்தில் இதுவே தனி ஆபத்து.

அப்பத்தாவுக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. காலையில் வெயில் ஏறுவதற்குள் முந்தானையில் பூவைச் சேர்த்துக்கொண்டு வந்துவிடுவாள். நல்லெண்ணெயைச் சிறுதீயில் வைத்துப் பூவைப் போட்டால் முதலில் சடசடவென்று பொரியும். சத்தம் அடங்கி, வெள்ளைப் பூ பழுப்பாகி மேலே மிதக்கும்போது இறக்கி வடிகட்டுவாள். அந்த எண்ணெயைத் தேய்த்து வெந்நீரில் தலை முழுகினால் தலைபாரமும் நீர்க்கோவையும் குறையும் என்பாள். சளி முற்றினால் தும்பையும் நொச்சியும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கவைத்துப் போர்வைக்குள் வேது பிடிக்க வைப்பாள். சிரங்கு வந்த காலில் இலையை அரைத்துப் பூசுவாள். கைக்குழந்தை இருமினால் பூவைப் பாலில் ஊறவைத்துச் சொட்டு விடுவாள். சாயங்காலம் கொசு வந்தால் காய்ந்த தும்பைச் செடியைக் கூட்டிவைத்துப் புகை போடுவாள். தலைவலி என்று போனால் இலைச் சாற்றை மூக்கில் இரண்டு துளி விடுவாள், அது மட்டும் எனக்குப் பிடிக்காது. கண்ணில் தண்ணீர் கொட்டும்.

இதில் எது எவ்வளவு வேலை செய்தது? வேது பிடித்தால் மூச்சு விட இதமாக இருக்கிறது, அது நான் உடம்பில் அனுபவித்தது. வெந்நீருக்கு எவ்வளவு பங்கு, தும்பைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. சாதாரணச் சளி ஒன்றும் செய்யாவிட்டாலும் ஒரு வாரம் பத்து நாளில் போகிற நோய்தான். ஆனாலும் அந்த ஒரு வாரத்தை ஒரு பிள்ளை எப்படிக் கடக்கிறது என்பதும் வைத்தியத்தில் சேர்ந்ததுதானே? அப்பத்தாவின் கை நெற்றியில் இருந்த நேரத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வேன். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தும்பைப் பூவைத் தேனில் குழைத்துக் கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தேனில் இருக்கும் கிருமி வித்து அந்த வயதில் நரம்பைப் பாதிக்கும் நோயைக் கொண்டுவரக் கூடும் என்பதால், குழந்தை மருத்துவர்கள் முதல் பிறந்தநாள் வரைக்கும் தேனே வேண்டாம் என்கிறார்கள்.

சின்னச் சின்ன நோய்களில், கண் முன்னால், திரும்பத் திரும்பத் தும்பை கைகொடுத்தது. இப்படிச் சம்பாதித்த நம்பிக்கையை வைத்துத்தான் பாம்புக்கடிக்கும் அதையே தேடிப் போகிறார்கள். எங்கள் குடும்பத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. நான் சின்னப் பையனாக இருந்தபோது சித்தப்பாவைக் கடலைக்கொல்லையில் பாம்பு கடித்தது. விஷக்கடி வைத்தியர் வந்து தும்பைச் சாறு கொடுத்தார், வேப்பிலை அடித்து மந்திரித்தார், உப்பும் புளியும் இல்லாமல் பத்தியம் வைத்தார், ராத்திரி முழுக்கத் தூங்க விடாமல் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் காலையில் சித்தப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். இந்தக் கதையைக் கேட்காத கல்யாணமோ காதுகுத்தோ எங்கள் வீட்டில் நடந்ததில்லை. நானும் அதைச் சந்தேகப்பட்டதில்லை, அந்த ஒரு ராத்திரி வரைக்கும்.

கண்ணாடிக் குழாய்

அறுவடை நேரம். பக்கத்து வீட்டு அண்ணன் இருட்டுகிற நேரத்தில் கதிர்க்கட்டைத் தூக்கப் போனார். கணுக்காலில் ஊசி ஏறியது மாதிரி இருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து, "பூச்சி கடிச்சிருச்சு" என்றார். இருட்டினால் பாம்பின் பெயரைச் சொல்ல மாட்டார்கள் எங்கள் பக்கம். நேராக அதே வைத்தியரிடம் கூட்டிப் போனார்கள். சித்தப்பாவைப் பிழைக்க வைத்தவர், அதற்குள் நல்ல வயதாகியிருந்தது. வேப்பிலையை மெல்லச் சொன்னார். கசக்கிறது என்றார் அண்ணன். கசப்புத் தெரிந்தால் விஷம் தலைக்கு ஏறவில்லை என்பது கணக்கு. தும்பையை இடித்துச் சாறு பிழிந்து ஒரு டம்ளர் கொடுத்தார், மிச்சத்தைக் கடிவாயில் தேய்த்தார். எல்லோருக்கும் கொஞ்சம் நிம்மதி வந்தது. அந்த நிம்மதியில்தான் நேரம் போனது. வீக்கம் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு ஏறி, எச்சிலோடு ரத்தம் வந்த பிறகுதான் வண்டி தேடினார்கள். பின் சீட்டில் அவரைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன்.

அரசு மருத்துவமனையில் அன்றைக்கு இருந்த டாக்டருக்கு என் தங்கை வயதுதான் இருக்கும். காலைப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். கொஞ்சம் ரத்தம் எடுத்து, சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாய் ஒன்றில் விட்டு, மேசை ஓரத்தில் தாங்கியில் நிறுத்தினார். "யாரும் தொடாதீங்க, ஆட்டாதீங்க. 20 நிமிஷம் இருக்கட்டும்" என்றார். பெரிய மெஷின் எதுவும் இல்லை. ஒரு குழாய், சுவரில் ஒரு கடிகாரம், அவ்வளவுதான். நல்ல ரத்தம் என்றால் 20 நிமிஷத்தில் உறைந்து குழாயோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்த நேரம் முழுக்க நான் குழாயைப் பார்த்தேன், பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்தேன். உதட்டோரத்தில் தும்பைச் சாறு பச்சையாகக் காய்ந்திருந்தது. நேரம் ஆனதும் டாக்டர் குழாயை எடுத்துச் சாய்த்தார். உள்ளே இருந்த ரத்தம் தண்ணீராக ஓடியது. ஒரு துளிகூட உறையவில்லை. "கண்ணாடி விரியன் மாதிரி தெரியுது. மருந்து ஏத்துறோம்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் பக்கம் திரும்பினார்.

கண்ணாடி விரியனின் விஷம் ரத்தத்தில் கலந்ததும், உறைவதற்கென்று உடம்பு சேர்த்து வைத்திருக்கும் பொருள்களை ஒரே நேரத்தில் தட்டி எழுப்பிவிடுகிறது. எங்கும் கண்ணுக்குத் தெரியாத அளவில் உறைந்து உறைந்து சரக்கு தீர்ந்துபோகிறது. பிறகு எங்கே கசிந்தாலும் நிற்பதில்லை. ஈறு, மூக்கு, சிறுநீர், சில பேருக்கு மூளை. சிறுநீரகமும் அடிபடும். அதற்கு எதிராக அன்று பாட்டில் பாட்டிலாக ஏறியது விஷமுறிவு மருந்து. ஆறு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள், மறுபடி கண்ணாடிக் குழாய், மறுபடி 20 நிமிஷம். அப்போதும் முழுதாக உறையவில்லை. இன்னும் மருந்து. அதற்கடுத்த தடவை சாய்த்தபோது ரத்தம் அசையாமல் அப்படியே நின்றது. அண்ணன் பிழைத்தார். ஆனால் சிறுநீரகம் நின்றுபோய், அது திரும்ப வேலை செய்யும்வரை டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. முன்னாலேயே வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்று டாக்டர் யாரையும் திட்டாமல் சொன்னார். அண்ணி அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

தும்பைச் சாறு வயிற்றில் இருக்கும்போதே ரத்தம் உறையாமல் ஓடியதைப் பார்த்த பிறகு, சித்தப்பாவின் கதை எனக்குள் கலைந்துவிட்டது. அவரும் பாம்பு கடித்துத் தும்பைச் சாறு குடித்தவர்தான். அவர் எப்படி மறுநாளே மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்?

பிழைத்தவர்கள் மட்டும் சொல்லும் சாட்சி

இதற்குப் பதில் தும்பையில் இல்லை, பாம்பில் இருக்கிறது. நம் ஊரில் மனிதரைக் கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மனிதரைக் கொல்லும் விஷம் கிடையாது. சாரை கடிக்கும், தண்ணீர்ப் பாம்பு கடிக்கும். கட்டுவிரியனைப் போலவே உடம்பில் பட்டை போட்டுக்கொண்டு வீட்டுச் சுவரில் ஏறும் விஷமில்லாத பாம்பு ஒன்று இருக்கிறது, அதுவும் கடிக்கும். உயிரை எடுக்கிறவை முக்கியமாக நாலு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நாலும்கூடக் கடிக்கும்போதெல்லாம் விஷத்தை இறக்குவதில்லை. பல் பதிந்து விஷம் இறங்காமல் போகும் கடிகள் கணிசமாக உண்டு. ஆகவே விஷக்கடி வைத்தியர் வாசலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர், அவர் தும்பை கொடுத்தாலும், வெறும் தண்ணீர் கொடுத்தாலும், மறுநாள் எழுந்து நடக்கப் போகிறவர்கள். சித்தப்பாவும் அவர்களில் ஒருவர் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அன்று இருட்டில் கடித்த பாம்பை யாரும் பார்க்கவில்லை என்பதை எத்தனையோ தடவை கதையிலேயே கேட்டிருக்கிறேன். அதன் பொருள் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பிழைத்தவர் ஊரெல்லாம் சொல்வார். இறந்தவர் வீட்டில் யாரும் தும்பை பலிக்கவில்லை என்று சொல்வதில்லை. விதி முடிந்தது என்பார்கள், லேட்டாகக் கொண்டுவந்தோம் என்பார்கள், பத்தியத்தில் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்பார்கள். மருந்துக்கு மட்டும் ஒருநாளும் பழி வராது. வைத்தியர் யாரையும் ஏமாற்றவில்லை. நான் அறிந்த அந்தப் பெரியவர் வெற்றிலை பாக்குக்கு மேல் ஒரு பைசா வாங்கியவர் இல்லை. அவர் கண்ணுக்கே அவர் வைத்தியம் பத்துக்கு ஒன்பது பலித்ததாகத்தான் தெரிந்திருக்கும்.

வேப்பிலை கசக்கும் சோதனையும் இப்படித்தான். அண்ணன் நாக்குக்கு வேப்பிலை கசந்தது. அதே நேரத்தில் அவர் ரத்தம் உறையும் சக்தியை இழந்துகொண்டிருந்தது. கட்டுவிரியன் இன்னும் மோசம். தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவரை ராத்திரியில் கடிக்கும். கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ பெரும்பாலும் இருக்காது. சில மணி நேரம் கழித்து வயிறு வலிக்கிறது என்பார், வாந்தி எடுப்பார், கண் இமை சொருகும், பேச்சுக் குழறும், பிறகு மூச்சு விடும் தசையே நின்றுபோகும். ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தார் என்று சொல்லும் அந்த மணிநேரங்கள்தான் அவரைக் காப்பாற்றக் கிடைத்த நேரம். அதைத் தும்பைச் சாற்றிலும் வேப்பிலையிலும் செலவழித்துவிடுகிறோம்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர், வருஷத்துக்குச் சராசரி 58,000 என்று 2020-இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. ஏறக்குறைய பாதிப் பேர் 30 முதல் 69 வயதுக்குள், வீட்டைத் தாங்கும் வயதில். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. நம் மாநிலத்தில் 2024 நவம்பரில்தான், பாம்புக்கடி வந்தால் மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று அறிவித்தார்கள். இத்தனை காலமாக எத்தனை பேர் கணக்கிலேயே வராமல் கொல்லையிலும் திண்ணையிலும் போயிருப்பார்கள் என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

மூலிகையில் விஷத்தை முறிக்கும் பொருளே இருக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. 1990-களில் கொல்கத்தா ஆய்வாளர்கள் நன்னாரி வேரிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள், விரியன் விஷத்தின் சில விளைவுகளை எலிகளில் குறைத்ததைக் காட்டினார்கள். அது மதிக்க வேண்டிய வேலை. ஆனால் இந்த மாதிரி ஆய்வுகள் பலவற்றில் விஷத்தையும் சாற்றையும் முன்கூட்டியே கலந்து வைத்துவிட்டுத்தான் எலிக்கு ஊசி போடுகிறார்கள். வயலில் அப்படி நடப்பதில்லை. விஷம் முதலில் ரத்தத்தில் இறங்கி ஓட ஆரம்பித்துவிடுகிறது, சாறு பிறகு வயிற்றுக்குப் போகிறது. பிரித்தெடுத்து அளந்த ஒரு பொருளும் உரலில் இடித்துப் பிழிந்த ஒரு டம்ளர் சாறும் ஒன்றல்ல. ஆய்வு நடக்கட்டும், நன்றாக நடக்கட்டும். அது முடியும்வரை ஒருத்தர் உயிரைப் பணயம் வைத்துச் சோதனை செய்ய நமக்கு உரிமை இல்லை.

சளி காத்திருக்கும். சிரங்கு காத்திருக்கும். தலைபாரம் இரண்டு நாள் பொறுக்கும். இன்று தும்பை பலிக்கவில்லை என்றால் நாளைக்கு வேறு வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். பாம்புக்கடியில் அந்த நாளைக்கு என்பது கிடையாது. ஒரே செடி, ஒரே சாறு, கொடுக்கிறவரும் ஒரே அன்போடுதான் கொடுக்கிறார். நோய் கொடுக்கும் அவகாசம் மட்டும் வேறு. மாமாவுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அப்பத்தா கொடுத்தது பொய்யில்லை மாமா, அவள் எந்த நோய்க்குக் கொடுத்தாளோ அந்த நோய்க்கு அது சரி.

இருளர்கள் எடுக்கும் விஷம்

முன்னோர் அறிவை விட்டுவிட்டு ஊசிக்குப் போவதா என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு ஊர்ப்பெயர் இருக்கிறது. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலி. அங்கே முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-லிருந்து இயங்குகிறது. அதற்கு முன்னால் பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்து வயிறு வளர்த்த பழங்குடி மக்கள் இருளர்கள். 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிழைப்பை நிறுத்தியது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரோடு சேர்ந்து அவர்கள் தொடங்கிய சங்கம் அதே திறமையை வேறு வழிக்குத் திருப்பியது. வரப்பில் கிடக்கும் தடத்தையும், வளைவாயில் இருக்கும் எச்சத்தையும் பார்த்து உள்ளே இருப்பது என்ன பாம்பு என்று சொல்வார்கள். அந்த நாலு வகைப் பாம்புகளைப் பிடித்து, மண்பானையில் வைத்து வாய்க்குத் துணி கட்டி, சில வாரங்கள் வைத்திருந்து விஷம் எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்துக் காட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தை உறையவைத்து உலர்த்தி மருந்துக் கம்பெனிகளுக்கு விற்கிறார்கள். கம்பெனிகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைகளுக்குச் செலுத்தி, குதிரையின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து விஷமுறிவு மருந்தாக்குகின்றன. இந்தியாவில் அந்த மருந்துக்குத் தேவையான விஷத்தில் பெரும்பங்கு இந்த ஒரு சங்கத்திலிருந்து போகிறது. 2023-இல் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

அன்று ராத்திரி அண்ணனின் கையில் ஏறிய மருந்தில் இப்படி ஒரு இருளரின் கைவேலை இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தடம் பார்த்துப் பாம்பு பிடிக்கும் அந்த அறிவு எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதல்ல. அப்பன் பிள்ளைக்குக் காட்டிக் காட்டி வந்தது. மூலிகையையும் நம்மையெல்லாம்விட நன்றாக அறிந்தவர்கள் அவர்கள். அந்த ஊசியை அந்நியம் என்று ஒதுக்கித் தும்பைச் சாற்றை மட்டும் பாரம்பரியம் என்று கொண்டாடுகிறவர்கள், இவர்களை எங்கே வைப்பார்கள்?

அந்த மருந்துக்கும் குறைகள் உண்டு. குதிரையிலிருந்து வருவதால் சிலருக்கு ஒவ்வாமை கடுமையாக வரும், அதைச் சமாளிக்க டாக்டர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஒரே வகைப் பாம்பின் விஷம் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறது, அதனால் தமிழ்நாட்டுப் பாம்பின் விஷத்தை வைத்துச் செய்த மருந்து வடக்கே சில இடங்களில் சரியாகக் கேட்பதில்லை என்று பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நல்ல மருந்து இன்னும் வர வேண்டும். இன்றைக்கு இருக்கிற மருந்தில் உயிர் காப்பது அதுதான்.

சித்த மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கிய நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. தும்பையைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். பாம்புக்கடிக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். "108-க்குப் போன் பண்ணுவேன்" என்றார். அதற்குமேல் அந்தக் கேள்வியில் பேச ஒன்றும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

பெரியவரோடு ஒரு பேச்சு

குழுவில் மறுத்து எழுதி யாரும் மாறவில்லை. அதனால் ஊருக்குப் போயிருந்தபோது அந்த வைத்தியர் வீட்டுக்கே போனேன். ராத்திரியில் பாம்பு கடித்தால் எங்கள் ஊரில் முதலில் தட்டப்படுவது இன்னும் அவர் வீட்டுக் கதவுதான். அவரை எதிரியாக்கினால் கதவு தட்டப்படுவது நிற்காது, அவர் நமக்குக் காது கொடுப்பதுதான் நிற்கும். அண்ணனுக்கு நடந்தது அவருக்கும் மனதில் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. டயாலிசிஸ் பற்றி அவரே விசாரித்தார். நான் கண்ணாடிக் குழாயைப் பற்றிச் சொன்னேன். ரத்தம் தண்ணீராக ஓடியதைச் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்து, "எவ்வளவு நேரம் வச்சாங்க?" என்று கேட்டார். 20 நிமிஷம் என்றதும், "சின்ன வேலையாத்தான் இருக்கு" என்றார். அவருக்கு அதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது, கண்ணில் தெரிந்தது.

பிறகு ஒவ்வொன்றாகப் பேசினோம். கத்தியால் கீறக் கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது என்பதை அவர் முன்பே கேள்விப்பட்டிருந்தார், கீறுவதை அவர் எப்போதோ விட்டுவிட்டாராம். கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட காலை அசைக்காமல், மெட்டி, கொலுசு, மோதிரத்தைக் கழற்றிவிட்டு வண்டியில் ஏற்ற வேண்டும் என்றேன். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இப்போது மருந்து வைத்திருக்கிறார்கள் என்றதும் ஆச்சரியப்பட்டார், பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று நினைத்திருக்கிறார். பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை, அதில் இன்னொருத்தர் கடிபடுவார் என்றேன். அதற்குத் தலையாட்டினார்.

தும்பையில் வந்து நின்றோம். "வந்தவன் பயந்துபோய் வர்றான் தம்பி. ஒண்ணுமே குடுக்காம அனுப்புனா பயத்துலயே செத்துருவான்" என்றார். அது நியாயமான பேச்சு. பயந்தவரைத் தேற்றுவது அவரால் முடிகிற அளவுக்கு எந்த டாக்டராலும் முடியாது. நல்ல பாம்போ கட்டுவிரியனோ கடித்திருந்தால் தொண்டைத் தசையும் தளர்ந்துவிடும், அப்போது வாயில் ஊற்றும் சாறு மூச்சுக்குழலுக்குள் போய்விடும், தும்பை என்றில்லை, தண்ணீர்கூட வேண்டாம் என்றேன். இதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார்.

"மந்திரத்த வண்டியில போகும்போதும் சொல்லலாம்ல?"

தாராளமாகச் சொல்லுங்கள் ஐயா, கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டே வாருங்கள், வாயில் மட்டும் எதுவும் ஊற்ற வேண்டாம் என்றேன். சரி என்றார். பேரனைக் கூப்பிட்டு, ராத்திரியில் கூப்பிட்டால் வரும் ஆட்டோக்காரர் நம்பரையும் 108-ஐயும் கதவுக்குப் பின்னால் பெரிதாக எழுதி வைக்கச் சொன்னார்.